ஒரு பிள்ளைக்கு இரண்டு விண்ணப்பம்

ஜனவரி 14

விண்ணப்பம் போட்டாயிற்று. அரசுப் பணத்தில் தனியாக நடக்கும் சார்ட்டர் பள்ளி அது; கட்டணமும் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, அப்புறம் குலுக்கல். என் மகள் நியேலாவுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அங்கே பேச்சுப் பயிற்சிக்கென்றே ஓர் ஆசிரியை இருக்கிறார். கிடைத்தே ஆக வேண்டும்.

அவள் அப்பா லாமரிடம் சொல்லவில்லை. பிரிந்து மூன்று வருடம். மகளின் பிறந்தநாளையே போன வருடம் மறந்த மனுஷன்.

பிப்ரவரி 2

மில்வாக்கி முழுக்கப் பனி. பேருந்து ஓட்டி இடுப்பு விட்டுப்போச்சு.

மார்ச் 6

குலுக்கல் முடிந்தது. இடம் கிடைத்தவர்களில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. எப்படி?

பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மிஸஸ் கோவாக் எடுத்தார். "ஒரே பிள்ளைக்கு ரெண்டு விண்ணப்பம் வந்திருக்கு மேடம். அப்படி வந்தா ரெண்டையும் தள்ளிடணும். அதான் விதி."

"நான் ஒண்ணுதானே போட்டேன்?"

"இன்னொண்ணு அவங்க அப்பா போட்டிருக்கார்."

லாமரா? படிவமா?

மார்ச் 7

லாமரை மீன் வறுவல் கடை வாசலில் பிடித்தேன். "உன்ன யாரு போடச் சொன்னா?"

"எதுக்கும் துப்பில்லாதவன்னு நீதானே சொல்லிட்டிருந்த. கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

விதியைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப்போனது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும்தானே அவனிடம் சொல்லவில்லை?

மார்ச் 10

மேல்முறையீடு கிடையாதாம். புதிதாகப் போடலாம், ஆனால் வரிசையின் கடைசியில். மிஸஸ் கோவாக் இரண்டு படிவங்களையும் காட்டினார். முகவரி வேறு வேறு. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனதால்தான் கணினி பிடித்ததாம்.

நாள், மாதம், வருடம் — லாமர் ஒன்றுகூடத் தப்பாக எழுதவில்லை. இந்த ஒரு தடவை தப்பா எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி. காரில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 11

காத்திருப்பு எண் 118.

செப்டம்பர் 2

இப்போது 71. நியேலா பழைய பள்ளிக்கே போனாள். "ப-பரவால்லம்மா," என்று அவள் எனக்குச் சொல்கிறாள்.

ஜனவரி 12

விண்ணப்பம் திறந்த முதல் நாள். காலையிலேயே லாமரின் செய்தி: "நீ போடறியா, நான் போடட்டா?"

"வீட்டுக்கு வா," என்றேன்.

சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். நான் தட்டினேன். பிறந்த தேதிக்கு வந்ததும் நிறுத்தி அவனைப் பார்த்தேன். சரியாகச் சொன்னான். அனுப்பும் பொத்தானை நியேலா அழுத்தினாள், ஒரே ஒரு முறை.