கருகின தட்டுகள்

என்னங்க,

மாநாட்டு மேடையில உங்களுக்கு எழுந்து நின்னு கை தட்டினாங்களாமே, ஆய்வுக்கூடம் முழுக்க அதே பேச்சு.

கண்ணாடித் தட்டுல வளக்குற நூறு நெல் திசுக்கட்டியில புது மரபணுவை ஏத்தினா, நம்ம கையில பத்துதான் பயிராகும். நீங்க மேடையில நூத்துக்கு நாப்பதுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. கருகினதையெல்லாம் எண்ணுறதுக்கு முன்னாடியே குப்பையில போடச் சொன்னப்பவே கேட்டேன். "செத்ததெல்லாம் கணக்குல வராதும்மா"ன்னு சிரிச்சீங்க.

இன்னிக்கு, இன்னும் வெளிய தூக்கிட்டுப் போகாத அந்தக் குப்பைப் பையைப் பிரிச்சு, ஒவ்வொரு தட்டா மூடியைத் திறந்து எண்ணினேன். கறுப்பா, கொழகொழன்னு, ஒரே புளிச்ச நாத்தம். அந்த நாத்தம் எனக்குப் பழகிடுச்சு. உங்க சிரிப்புதான் பழகல.

நீங்க மாநாட்டுக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் விருந்துல இயக்குநரோட மனைவி, "எத்தனை குழந்தைங்க?"ன்னு கேட்டாங்க. "ஒரே பொண்ணு, முதல் தடவையே அமைஞ்சுடுச்சு"ன்னு அதே சிரிப்போட சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். கையில இருந்த தண்ணியைக் குடிச்சு முடிச்சேன், அவ்வளவுதான்.

நம்ம ஆய்வுக் கட்டுரையில கருகினதையும் சேத்து, நூத்துக்குப் பத்துன்னு திருத்தி இயக்குநருக்கு அனுப்பிட்டேன். திட்டணும்னா வந்து திட்டுங்க. நானும் பொண்ணும் எங்க அம்மா வீட்டுல இருக்கோம்.

பொண்ணுகிட்ட அவளுக்கு முந்தி என் வயித்துலயே கலைஞ்சுபோன ரெண்டு பேரைப் பத்தியும் சொன்னேன். "அப்போ நான் மூணாவதா? அப்பாவுக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டா.

அதை நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க.

இப்படிக்கு,
அவ அம்மா