ஆறாம் படுக்கையின் கிருமி

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட நைட்டி பக்கத்துப் பனியன் கம்பெனிக் கூரையில். எடுக்கப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணி ஐ.சி.யு.வில் இன்று பதின்மூன்றாம் நாள். அருள்புரத்தில் பைக் சறுக்கி, விலா உடைந்து நுரையீரலில் குத்தியது. கழுத்தில் துளையிட்டுக் குழாய். அதனால் பேச்சு கிடையாது. அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்து லேபில் எனக்கு வேலை. மேலே அவர், கீழே என்னிடம் அவருடைய சளி.

பார்க்க ஐந்து நிமிடம். கவுன், கிளவுஸ், மாஸ்க். கையைப் பிடித்தேன். ரப்பர்தான் பிடித்தது.

வாங்க: பால், எண்ணெய், அவர் உதட்டு வெடிப்புக்கு வாசலின்.

ஜூலை 11, வெள்ளி

கல்ச்சர் ரிப்போர்ட், சளிக் கிருமியைப் பிளேட்டில் வளர்த்து மருந்து வைத்துப் பார்த்தது. திங்களன்று அவருடைய கிருமிக்கு மூன்று மருந்து கேட்டது. மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், நல்ல அகலம். இன்று வட்டமே இல்லை. வில்லையை ஒட்டி வளர்ந்து நிற்கிறது.

ஸ்கேல் வைத்து மூன்று தடவை அளந்தேன். இல்லாததை எதற்கு அளப்பது.

லேப் டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார்.

"உங்க ஊட்டுக்காரரு பிளேட்ட நீங்க பாக்க வேண்டாமுங்க. நான் பாத்துக்கறேன்."

"பாத்துட்டேன் மேடம்."

ஜூலை 12, சனி

கடைசி மருந்து ஆரம்பம். கிட்னியைக் கெடுக்கக் கூடியது. கையெழுத்துப் போட்டேன்.

ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் மாராத்தாக்கா. கணியூர்ப் பக்கம் விவசாயம். அவர் கணவர் ஐந்தாம் படுக்கை, அந்தோணி ஆறு. எனக்கும் டீ வாங்கி வைத்திருந்தார்.

"ஏங்கண்ணு, முன்னாடி கேட்ட மருந்து இப்ப ஏன் கேக்கறதில்லீயாமா?"

"மருந்து அடிக்கயில கிருமிக்கும் உசுருப் போராட்டந்தான்க்கா. அந்த நேரத்துல சிலது, பக்கத்துல செத்துக் கெடக்குற வேற கிருமியோட டி.என்.ஏ.வ உள்ள இழுத்துக்கிடும். அதுல மருந்தத் தாங்குற சங்கதி இருந்தா தப்பிச்சிக்கிடும். பொறவு பெருகுறதெல்லாம் அப்படித்தான்."

"செத்ததுல இருந்தா?"

"ஆமாக்கா."

டீ ஆறிப்போனது.

வீட்டில் அவருடைய பழைய வாய்ஸ் மெசேஜ். "ஏட்டி, ரெண்டாவது ஷிப்ட் இருக்கு, வர லேட்டாவும்." பின்னால் கட்டிங் மெஷின் சத்தம். பதினோரு தடவை கேட்டேன். ஷிப்டைத் தவிர வேறொன்றும் இல்லை அதில்.

ஜூலை 15, செவ்வாய்

மாராத்தாக்காவின் கணவர் விடியற்காலையில் போய்விட்டார். அதே வகைக் கிருமி. அவர் பிளேட்டில் இரண்டு வாரமாகவே வட்டம் இல்லை. ரிப்போர்ட் எழுதியது நான்தான்.

"எங்க ஊட்டுக்காரருகிட்ட இருந்துதான் உன்ற ஊட்டுக்காரருக்குப் போச்சா? மறைக்காம சொல்லு சாமி."

"தெரியலக்கா. எங்க லேப்ல அதக் கண்டுபிடிக்க முடியாது."

உண்மைதான். ஆனால் நான்கு நாளாய் ஐந்தாம் படுக்கை மேல் கோபமாக இருந்தேன். அதைச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வெறும் கை. சூடு. இத்தனை நாளில் யாரும் என்னை அப்படிப் பிடிக்கவில்லை. விட மனமில்லை எனக்கு.

ஜூலை 18, வெள்ளி

காய்ச்சல் இறங்குகிறது. கிட்னி ரிப்போர்ட் கொஞ்சம் ஏற்றம். "பாத்துக்கலாமுங்க" என்றார் டாக்டரம்மா.

அந்தோணி கண் திறந்து உதடு அசைத்தார். "என்ன? என்ன?" என்று மாஸ்க்குக்குள் கத்தினேன். புரியவில்லை. நேரம் முடிந்தது.

என்னவாக இருக்கும்? தண்ணி. வலி. மணி என்ன. ஜெயா.

நாலாவது இருக்காது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்து ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

அடுப்பில் கேஸ் தீர்ந்தது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாவது தடவையும் பிளேட்டில் வளர்ச்சி இல்லை. டாக்டரம்மாவே கூப்பிட்டார். "இப்ப நீங்களே பாருங்க." பார்த்தேன். லேப் பாத்ரூமில் பத்து நிமிடம் அழுகை.

மதியம் சாதாரண வார்டு. கவுன் வேண்டாம், கிளவுஸ் வேண்டாம். அவர் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். நகம் வளர்ந்திருந்தது.

சாயங்காலம் டாக்டர் குழாய் வாயில் ஒரு மூடி பொருத்தி, "பேசிப் பாருங்க" என்றார். முதலில் வெறும் காற்று. இருமல். பிறகு யாருடையதோ போலக் கரகரப்பாய் ஒரு குரல்.

"ஏட்டி, பக்கத்துப் பெட்டு அய்யா எங்க? எனக்கு வேண்டி ராவெல்லாம் நர்ஸக் கூப்பிடுவாரு."

"ஊருக்குப் போயிட்டாரு" என்றேன்.