பாப்லர் மரங்களில் இலை வந்துவிட்டது

ஓடைக்கரை வீடு,
நவம்பர் ஒன்பது.

அன்புள்ள ரமிரோவுக்கு,

நானும் யமிலாவும் சுகம். தெற்கே எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் காற்று கொஞ்சம் அடங்கியதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மேட்டு ரோட்டுக்கு ஏறினால் போன் கிடைக்கும்தான். ஆனால் உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் குறுக்கே பேச மாட்டாய்.

நம் வீட்டில் நெட் நின்று ஐந்து வாரமாகிறது. ஊரில் மற்றவர்களுக்கு ஒரு வீட்டுக் கூரையில் வைத்த சிக்னல் பெட்டியிலிருந்து அடுத்த கூரைப் பெட்டிக்குக் கைமாறி ஒழுங்காகத்தான் போகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் கடைசி வீடான நமக்குத்தான் இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பாய். ஜூலைக் குளிரில் நான் தகரக் கூரையில் ஏறி முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டியதும், பள்ளிக்கூடக் கூரையிலிருந்து, ஊர் நெட் வேலையைப் பார்க்கும் கிரசீலா தன் கண்ணாடியால் மின்னிக் காட்டியதும் ஞாபகமிருக்கும். நேர்பார்வை கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி முடுக்கிவிட்டு, எல்லாரும் லோக்ரோ சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். நடுவில் உன் அண்ணன் தோரிபியோவின் பாப்லர் மரங்கள் மொட்டையாக நின்றன. அக்டோபரில் துளிர்த்துவிட்டன. "இலைன்னா தண்ணிதான் ஒதிலியா, சிக்னலைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கு" என்கிறாள் கிரசீலா. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த இருபது பேரில் ஒருவருக்குக்கூட வசந்தத்தில் மரம் துளிர்க்கும் என்று தோன்றவில்லை பார்! வெட்கக்கேடு.

ஆனால் பழி முழுவதையும் நான் சுமக்க மாட்டேன். தோரிபியோ கூரையிலும் ஒரு பெட்டி வைத்தால் சிக்னல் பலமாக வரும் என்று கிரசீலா அன்றைக்கே சொன்னாள். வைத்திருந்தால் இப்போது மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். நீதான் மாத்தே டீக் குவளையை ணங்கென்று வைத்துவிட்டு, "அவன் கூரை வழியா வர்ற நெட்டு எனக்கு வேணாம்" என்று எழுந்து போனாய். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக ஆறு வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். ஆன்டெனா நிற்கும் குழாயை ஆறு மீட்டருக்கு உயர்த்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். முதல் காற்றுக்கே சாய்ந்து கூரைத் தகரத்தைக் கிழித்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி சாய்ந்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஆடுகளையும் பார்த்து, கூரையிலும் ஏறி... அலுத்துப்போய்விட்டது, ரமிரோ.

நெட் இல்லாவிட்டால் எனக்கொன்றும் குடி முழுகாது. யமிலாவுக்காகத்தான் அடித்துக்கொள்கிறேன். காது கேட்கும் பிள்ளையென்றால் மேட்டு ரோட்டுக்குத் தூக்கிப்போய் உன் குரலையாவது கேட்க வைப்பேன். அங்கே படம் வராது. நாலு வயதுக்குப் படிக்கவும் தெரியாது. அவளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை திரையில் தெரியும் உன் முகமும் கைகளும்தான். போன மாதம்வரை ஞாயிறு காலையில் தானே தலைசீவிக்கொண்டு, அணைந்த திரைமுன் உட்கார்ந்து கையால் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது உட்காருவதில்லை.

அதனால் உன்னைக் கேட்காமலே சனிக்கிழமை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. "என் கூரை ஆகாதுன்னு போனவன் பொண்டாட்டி, இப்ப என் மரத்தை வெட்டச் சொல்லவா வந்தே?" என்றார். மரம் நிற்கட்டும், கூரை மூலையில் ஒரு குழாய்க்கு இடம் போதும் என்றேன். அண்ணாந்து தன் கூரையைப் பார்த்துவிட்டு, "இடம் தர்றேன். ஆனா அவன் கேக்கணும். அவன் கையெழுத்துல. மன்னிப்பெல்லாம் வேணாம், 'அண்ணே, கூரை வேணும்'னு ரெண்டு வரி எழுதினாப் போதும்" என்றார். கிரசீலா பெட்டியைத் தயாராக வைத்திருக்கிறாள். அரைநாள் வேலைதான்.

இத்துடன் முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் மறைத்தால் மனசு கேட்காது. பேசி முடித்து அவர் தொப்பியைக் கழற்றினார். யமிலா அவரையே உற்றுப் பார்த்தாள். உனக்கிருக்கும் அதே நெற்றி, அதே மீசை. மூக்கின்கீழ் இரண்டு விரலை வைத்து இருபுறமும் இழுத்துக் காட்டினாள். அது கைஜாடையில் அவள் உனக்கு வைத்திருக்கும் பெயர்.

"குட்டி என்னமோ சொல்லுதே, என்னது?" என்று அவர் கேட்டார். பெரியப்பா என்கிறாள் என்று பொய் சொன்னேன். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் விரலை மீசையில் வைத்து அதேபோல இழுத்துக் காட்டினார். அவள் என் இடுப்பிலிருந்து இறங்கி, ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மாதா உன்னைக் காக்கட்டும், உன் கைகால் சுகமாயிருக்கட்டும். அந்த இரண்டு வரியைச் சீக்கிரம் எழுதிவிடு. சின்னப் பிள்ளைக்கு ஞாபகம் ரொம்ப நாள் தாங்காது, ரமிரோ.

உன்,
ஒதிலியா