அடிக்காத ஸ்டேஷன் போன்

மார்ச் 1, ஞாயிறு
சான் ஹோசேயில் மழை. ரேடியோ ஸ்டேஷன் வாசலில் தண்ணீர், சாக்ஸ் நனைந்தது. எனக்கு முன்னால் சமோவா மொழி நேரம், பின்னால் டோங்கா. நடுவில் நான், தமிழ்.

மேனேஜர் லிண்டா பிடித்துக்கொண்டார். ஃபிஜிக்காரர்கள் நேரம் கேட்டுக் காத்திருக்கிறார்களாம். அடுத்த ஞாயிறு தமிழ் நேரத்தில் ஸ்டேஷன் நம்பருக்கு எத்தனை பேர் போன் செய்கிறார்கள் என்று பார்ப்பாராம். பத்துப் பேராவது செய்யாவிட்டால் நேரம் அவர்களுக்கு. இத்தனை வருஷமாகச் சம்பளம் இல்லாமல் கத்துகிறேன்.

மார்ச் 4, புதன்
வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: எனக்கு மெசேஜ் வேண்டாம், ஸ்டேஷனுக்கு போன் பண்ணுங்க, இல்லாவிட்டால் நிகழ்ச்சி போச்சு. கைகூப்பும் படங்களாகக் கொட்டின. “தமிழுக்காக உயிரையே குடுப்போம் அண்ணா.” உயிர் வேண்டாம், போன் போதும். எழுதினேன், அழித்தேன்.

வாங்க வேண்டியது: ரசப்பொடி, பால்.

மனைவி சுதா: “ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுறீங்க? எல்லாரும் பண்ணுவாங்க.”

மார்ச் 8, ஞாயிறு
நல்ல வெயில். பேசும்போதெல்லாம் கண் ஸ்டேஷன் போன் மேல்தான். அடிக்கவில்லை. என் செல்போன் மட்டும் மேசையில் துள்ளியது. “சூப்பர் அண்ணா.” “கலக்குறீங்க.” வெட்கத்தை விட்டு ஒலிபரப்பிலேயே கெஞ்சினேன். அதற்கும் செல்லில் ஒரு கட்டைவிரல் படம்.

முடியும் நேரத்தில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். சமோவா நேரம் நடத்தும் லூப்பே. வெளியே பார்க்கிங்கில், காரிலிருந்து. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. “உன் பேர்ல ஒரு போன் காலாவது இருக்கட்டும்” என்றாள் ஆங்கிலத்தில்.

லிண்டா “சாரி” என்றார். அடுத்த வாரம் முதல் ஃபிஜி.

வீட்டில் சுதாவிடம்: “நீயாவது பண்ணியிருக்கலாமே?”
“எல்லாரும் பண்ணுவாங்கன்னு நெனச்சேன்.”
சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்
மேகமூட்டம். ஆபீஸ் மீட்டிங் நடுவில் குழுவில் போட்டேன்: தமிழ் நேரம் நின்றுவிட்டது. அழும் முகங்கள். “அநியாயம் அண்ணா, பெட்டிஷன் போடலாம்.” “நேத்து டைம் மாறிடுச்சுல்ல, மறந்துட்டோம்.” வருஷா வருஷம் அமெரிக்கா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள்தான். செல்போனில் மணி தானாக மாறிக்கொள்ளுமே! ஒருத்தர் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை.

அதற்கு நேர் கீழே கார்த்திக், மேலே எதையும் படிக்காமல்: “அண்ணா, அடுத்த சண்டே பாப்பாவுக்கு ஃபர்ஸ்ட் பர்த்டே. ஷோல மறக்காம விஷ் பண்ணிடுங்க. போட்டோ அனுப்பிருக்கேன்.”

ரேடியோவுக்கு போட்டோ.

குழந்தை அழகாகத்தான் இருக்கிறது. கட்டைவிரல் போட்டேன்.