வெள்ளிக்கிழமைக் கால் மணி நேரம்

என்னங்க,

கிடங்கில் பார்சலும் குறையவில்லை, என் முதுகுவலியும் குறையவில்லை. நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்குச் சும்மா போயிருப்பதாகத்தான் இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் என் ஆட்கள் பதினொரு பேரையும் ஆளுக்குக் கால் மணி நேரம் தனியாக உட்காரவைத்து, "என்ன கஷ்டம், சொல்லுங்க" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன் அல்லவா? அதனால்தான் என் பிரிவை விட்டு யாரும் போவதில்லை என்று மேலதிகாரிக்கு ஏகப் பெருமை.

நேற்று கடைசியாக வந்தது லேபிள் ஒட்டும் அக்கா. பேசி முடித்தும் எழுந்திருக்கவில்லை. என் நோட்டை இழுத்து மூடிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க மேடம்" என்றார்.

"எனக்கென்னக்கா, எல்லாம் நல்லாத்தான் போகுது."

"நாங்களும் மொத வாரம் அப்படித்தான் சொன்னோம்."

மிச்ச நேரம் முழுக்க நான் சொல்வதைக் கேட்க அவர் என் எதிரே காத்திருந்தார். வீட்டில் நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம், "தலை வலிக்குது, நாளைக்குப் பேசலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் நான். அந்த நாளை வரவே இல்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். உங்களை அழைத்துப்போக அல்ல, கேட்க. நோட்டு கொண்டுவரமாட்டேன், மணி பார்க்கமாட்டேன். திட்டினாலும் பரவாயில்லை. "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னமும்
உங்கள் மனைவி