மணி நாக்கில் கட்டிய தோல்

அன்பு மகன் ஓஸ்பெர்னுக்கு, லண்டனிலிருந்து அம்மா ஆல்டித் சொல்லி எழுதுவது. கையெழுத்து பாதிரியார் தியோபால்டுடையது, வார்த்தை என்னுடையது. அவர் அழகாக ஏதாவது சேர்த்தால் படித்துக் காட்டச் சொல்லி, அந்த வரியை அடித்துவிட வைக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். ஆடு இரண்டு குட்டி போட்டது. அப்பா போன பிறகு ரொட்டிதான் மீந்துபோகிறது, இன்னும் அளவு பிடிபடவில்லை.

அவரை அடக்கம் செய்த அன்றே தேவாலயக் கோபுரம் ஏறி, அவர் அடித்துவந்த மணியின் நாக்கில் சத்தம் மழுங்கத் தோலைக் கட்டினேன். மணியடிப்பவர் செத்தால் முப்பது நாள் அவர் மணி உரக்கப் பேசக்கூடாது. அவிழ்ப்பதும் பெண்டாட்டியோ மூத்த மகனோதான்.

பன்னிரண்டாம் நாள் தெருத்தலைவர் கெர்வாஸ் வந்தார். மறுநாள், இன்னும் முடிசூடாத மகாராணி வெஸ்ட்மின்ஸ்டரில் சாப்பிட உட்காரும் நேரம் நம் மணி அடிக்க வேண்டுமாம். அதைக் கேட்டதும் ஊர் மணியெல்லாம் அடிக்குமாம். ஜனங்கள் ஆயுதத்தோடு பாய்ந்து, ராணியையும் பந்தியில் நிற்கிறவர்களையும் தீர்த்துவிட்டு, சிறையிலிருக்கும் பழைய அரசரை, ராணியின் அத்தை மகனையே, மறுபடி அரசராக்குவார்களாம். அப்பா வாக்குக் கொடுத்திருந்தாராம். கொடுத்திருப்பார். ராணி கேட்ட வரியை நினைத்தே வெந்தவர். நீ அந்தப் பந்தியில் மது ஊற்றப் போனதிலிருந்து உன் பேரை எடுக்காதவர். கடைசி நாள் மட்டும், வாசலில் காலடி கேட்டபோதெல்லாம் கதவைப் பார்த்தார்.

"உன் புருஷன் இருந்திருந்தா இந்நேரம் அவுத்திருப்பான்"னு கெர்வாஸ் சொன்னார்.

"அவர் இருந்திருந்தா நான் தோலே கட்டியிருக்க மாட்டேனே, ஐயா"ன்னேன்.

செத்தவருக்காகக் கட்டிய தோலைத் தொட கெர்வாஸின் ஆட்களுக்கே பயம். கடைசியில் மறுநாள் தோலோடு அப்படியே கயிற்றை இழுத்தார்கள். நனைந்த மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். தெருவில் எல்லோரும் அப்பாவை நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள், சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். வேறெந்த மணியும் வாய் திறக்கவில்லை. ராணி சாப்பிட்டு முடித்தார். நீயும் ஊற்றி முடித்திருப்பாய்.

முடிசூட்டுக்கு மணியடிக்கச் சொல்லி அரண்மனை ஆள் வந்தான். அவனுக்கும் முப்பது நாள் கணக்கைத்தான் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு போனான். பாதித் தெரு என்னோடு பேசுவதில்லை. ஆட்டுத்தோலால் ராணியைக் காப்பாற்றியவள் என்கிறாள் மீன்காரி. கன்றுத்தோல் என்று திருத்தினேன்.

கட்டும்போது அப்பாவுக்காகத்தான் கட்டினேன். அவிழ்க்காமல் விட்டது யாருக்காக என்று பாதிரியார் இப்போது கேட்கிறார். மேலே எழுதுங்கள் என்றேன்.

வருகிற வியாழக்கிழமை முப்பதாம் நாள். படியேற என் காலுக்குத் தெம்பு இருக்கிறது. ஆனாலும் கட்டியது நான், அவிழ்ப்பது நீயாக இருக்கட்டும். முதல் அடியை அவர் காதில் விழும்படி ஓங்கி அடி, கோபம் இருந்தால் அதையும் சேர்த்து அடி.

ஆண்டவர் உன் கையையும் வழியையும் காக்கட்டும். அன்றைக்கு இரண்டு பேருக்கு ரொட்டி சுடுவேன்.

உன் அம்மா,
ஆல்டித்