குணமானவர் பட்டியல்

வலியசாலை,
11-7-2003

சௌ. பத்மஜாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, ஆனால் நான் க்ஷேமமாக இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. மழை விடாததால் பலாப்பழம் கிளறிய சக்கவரட்டியை இன்னும் பார்சல் செய்யவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய கொள்கை நகலை மூன்று தடவை படித்தேன். கம்ப்யூட்டரே யோசித்து முடிவு சொல்லும் காரியங்களுக்கு நாடு முழுக்க ஒரே கொள்கை எழுதுகிற கமிட்டியில் என் பெண் இருக்கிறாள் என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் பீற்றிக்கொண்டவன் நான். ஒன்பதாம் பக்கத்தில், எங்கள் டிஸ்பென்சரியில் நோய் சொல்லும் கம்ப்யூட்டரைச் சோதித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் குணமானார்கள், ஆகவே எல்லா ஊருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கை உனக்குக் கொடுத்தது நான். ரிட்டயரானவன் வீட்டில் சும்மா இருக்காமல் அங்கே போய், நோயாளிகளிடம் கேள்வி கேட்டுப் பதிலைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறவனும் நான்தான்.

போன மாதம் முத்தாரம்மாள் என்று ஒருத்தி வந்தாள். கட்டட வேலையில் சித்தாள், தென்காசிப் பக்கம். அடிவயிற்றில் வலி, தலைசுற்றல். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா, ரத்தப்போக்கு உண்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது, நானும் சத்தமாகவே கேட்டேன். பின்னால் நாற்பது பேர் வரிசை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், வாயே திறக்கவில்லை. உண்டு, இல்லை என்று இரண்டே பதில்தான். ஒன்றைத் தட்டாமல் அது மேலே நகராது. நான் இரண்டுக்கும் இல்லை என்று தட்டினேன். வாயுத் தொந்தரவு என்று சீட்டு வந்தது, டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டாள். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்ததாம். அம்மாவிடம் சொன்னபோது, "நான் பக்கத்துல நின்னிருந்தா என்கிட்டச் சொல்லியிருப்பாளே, உங்ககிட்ட எப்படிச் சொல்லுவா" என்றாள்.

நேற்று அவள் புருஷன் வேல்சாமி அந்தச் சீட்டோடு வந்தான். "சாரே, எனக்கு வாசிக்கத் தெரியாது, இவளப் பத்தி கம்ப்யூட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லணும்" என்றான். பார்த்தேன். குணமடைந்தார் என்று இருந்தது. பதினைந்து நாளில் திரும்பி வராதவர்கள் எல்லோரையும் அது குணமானவர்களில் சேர்த்துவிடும், எனக்கு அது முன்பே தெரியும், பெரிதாக நினைக்கவில்லை. ஒன்றும் எழுதவில்லை என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். உன் தொண்ணூற்றாறில் முத்தாரம்மாளும் ஒருத்தி, பத்மா. இன்னும் எத்தனை பேரோ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் முடியாது. பதில் சொல்லாதவர்களுக்கு என்று ஓர் இடம் இருக்க வேண்டும், கேட்பதற்குப் பெண் ஒருத்தி இருக்க வேண்டும், பிசகினால் யார் பொறுப்பு என்று பெயரோடு இருக்க வேண்டும் என்று எழுது. முதல் பெயராக என்னுடையதை எழுது. நாளைக் காலை வேல்சாமியைத் தேடிப்போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், டில்லியில் மஞ்சள்காமாலை என்று பேப்பரில் பார்த்தேன். நகல் இருபதாம் தேதி மந்திரிக்குப் போகிறது என்றாய், அதற்குள் ஒன்பதாம் பக்கத்து வரியை எடுத்துவிடு. நீ எடுக்காவிட்டால் உன் கமிட்டித் தலைவருக்கு நானே எழுதுவேன், மகள் என்று பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பிச்சுமணி